ரிடண்டன்சிக்கு 'மிகைமை' வேண்டாம், 'துணையிருப்பு' பாருங்கள்

வணக்கம்.

ரிடண்டன்சி என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'மிகைமை' என்றே முடிவு செய்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். ஒரே தகவல் இரண்டு அட்டவணையில் கிடப்பதைச் சொல்ல அது சரி. ஆலையில் தரவு திரட்டும் கணினி நின்றுபோனால் கைகொடுக்க இன்னொன்றை வைப்பதற்கு ஒத்துவராது. மிகை என்றால் நம் காதில் 'தேவைக்கு மேல்' என்றுதான் விழும். கொள்முதல் பட்டியலில் 'மிகைமைக் கணினி - 1' என்று இருந்தால், செலவைக் குறைக்க உட்காருபவர் முதலில் அடிப்பது அந்த வரியைத்தான்.

நான் வேலை பார்த்த ஒரு சாய ஆலையில் பாய்லர் அழுத்தத்தைப் பதிய ஒரே ஒரு கணினி. ஓர் இரவு அப்டேட் முடிந்து தானாக ரீஸ்டார்ட் ஆகி, கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டது. காலை ஷிப்ட் ஆள் வந்து பார்க்கும்வரை ஒரு புள்ளிகூடப் பதிவாகவில்லை. டிரெண்ட் வரைபடத்தில் விட்ட இடத்திலிருந்து தொட்ட இடம்வரை ஒரே நேர்கோடு. அன்று இரவுதான் ஒரு பேட்ச் நிறம் கெட்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு கணினி இருந்திருந்தால் அதை மிகை என்போமா?

ஆஸ்பத்திரியில் 'துணைக்கு இருக்கிறேன்' என்கிறோமே, அதுதான் இங்கே பொருள். எனவே 'துணையிருப்பு'. முதன்மைக் கணினி, துணைக் கணினி என்ற இணையும் தானாக அமைகிறது.

வகை பிரிக்கும்போது இதன் அருமை தெரியும். ஆலைக் கருவிகளும் கணினிகளும் தரவு பரிமாறிக்கொள்ளும் ஓபிசி யூஏ தரத்தில் உள்ள கோல்ட், வார்ம், ஹாட் மூன்றையும் குளிர், வெதுவெதுப்பு, சூடு என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது. உறங்குதுணை, விழிதுணை, உழைதுணை எனலாம். முதலாவது, முதன்மை விழுந்த பிறகே எழும். இரண்டாவது, எழுந்து தயாராக இருக்கும், ஆனால் கருவியிடம் தரவு கேட்காது. மூன்றாவது, முதன்மையோடு சேர்ந்து தானும் திரட்டிக்கொண்டே இருக்கும்.

எல்லா இடத்திலும் உழைதுணை வைத்துவிட முடியாது. ஆர்எஸ்-485 கம்பியில் ஓடும் மோட்பஸ் என்ற தொடர்பு முறையில் கேள்வி கேட்பவர் ஒருவர்தான். இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் கேட்டால் செய்திகள் மோதிக் குழம்பும். அங்கே விழிதுணைதான் வழி. சொல்லைப் பார்த்ததுமே இந்த வித்தியாசம் புரிய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சரி, ஃபெயில்ஓவர், அதாவது முதன்மை விழுந்ததும் அதன் வேலையைத் துணை எடுத்துக்கொள்வது. 'பழுதுமாற்றம்' என்றால் பழுதான பாகத்தைக் கழற்றி மாற்றுவது போலிருக்கிறது. 'பொறுப்பேற்பு' என்று வைக்கலாம். 'பொறுப்பேற்பு நேரம் 5 நொடி' என்று எழுதிப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் வருகிறது.

அப்புறம், தரவைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் பஃபருக்குப் புழக்கத்தில் உள்ள 'இடையக'த்தைத் துணையிருப்போடு சேர்க்க வேண்டாம். தரவைப் பெறும் சர்வர் விழுந்தால் தரவு இடையகத்தில் காத்திருந்து பிறகு போய்ச் சேரும். திரட்டும் கணினியே விழுந்தால் இடையகத்துக்கு வருவதற்கே எதுவும் இருக்காது.

முதன்மை சரியான பின் பொறுப்பை அதற்கே திருப்பித் தருவதற்கு மட்டும் எனக்கு நல்ல சொல் அகப்படவில்லை. 'மீள் ஒப்படைப்பு' நீளமாகத் தெரிகிறது. ஷிப்டில் இதற்குப் பேச்சு வழக்கு ஏதும் இருந்தால் எழுதுங்கள்.