பழைய ஆக்டேவியா விஆர்எஸ் 230: 62,000 கி.மீ ஓடிய வண்டி, வாங்கலாமா?

நொய்யல்_கரை:
வணக்கம். கோவையில் இருக்கிறேன். பெங்களூர் பதிவில் ஒரு ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230 பார்த்து வைத்திருக்கிறேன். 2018 வண்டி, இரண்டாவது உரிமையாளர், மீட்டரில் 62,000 கி.மீ. கேட்கும் விலை 19.5 லட்சம். 45,000 வரை கம்பெனி சர்வீஸ் பில் இருக்கிறது. அதன் பிறகு வெளி ஒர்க்‌ஷாப்பில் செய்ததாகச் சொல்கிறார்கள், பில் இல்லை. ட்யூன் (சக்தியைக் கூட்ட எஞ்சின் சாஃப்ட்வேரை மாற்றுவது) எதுவும் செய்யவில்லை, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்கிறார் விற்பவர். எனக்குத் தினமும் 30 கி.மீ ஓட்டம், மாதம் ஒருமுறை மலைப்பாதை. டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேடிக்) கியர்பாக்ஸ் என்றாலே எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அதை எப்படிச் சோதிப்பது? ட்யூன் செய்யாத வண்டிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்றுவதில் என்ன சிக்கல் வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர்_14:
முதலில் அந்தப் பயத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவோம் நண்பரே. டிஎஸ்ஜி பற்றி நீங்கள் கேட்ட கதைகளில் பெரும்பாலானவை 7 கியர் டிக்யூ200 பற்றியவை. 1.8 டிஎஸ்ஐ ஆக்டேவியாவில் வருவது அதுதான். உலர் கிளட்ச், 250 என்எம் முறுக்குவிசை தாண்டித் தாங்காது. 180 பிஎஸ் சக்தி தரும் அந்த 1.8 எஞ்சினுக்கு 250 என்எம்மோடு கடிவாளம் போட்டதும் அதனால்தான். விஆர்எஸ் 230 தருவது 350 என்எம், அதில் இருப்பது 6 கியர் டிக்யூ250. இரண்டு கிளட்ச்சும் எண்ணெயில் நனைந்தபடி ஓடும், சூடு தாங்கும். நல்ல பெட்டி.

ஆனால் ஒரு நிபந்தனை. கிளட்ச் தேய்ந்து வரும் தூள் கலப்பதும், மெக்கட்ரானிக் யூனிட்டின் (கியரையும் கிளட்ச்சையும் இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி) வால்வுகளை இயக்குவதும் ஒரே எண்ணெய். அது அழுக்கானால் வால்வு ஒட்டும், அழுத்தம் சரியாக வராது, கியர் இடிக்கும். அதற்காகத்தான் 60,000 கி.மீக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் வண்டி 62,000. பில் 45,000-இல் நின்றுவிட்டது. அதாவது செய்தே ஆக வேண்டிய அந்த ஒரு வேலைக்குத்தான் அத்தாட்சி இல்லை. "செய்தாச்சு" என்று வாயால் சொல்வதைச் செய்யாததாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது சுமார் 5.2 லிட்டர் பிடிக்கும். அளவு பார்க்கும் முறை முக்கியம்: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கியர் எண்ணெய் 35-லிருந்து 45 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அப்போது அடியில் உள்ள வழிகுழாயில் சொட்டுச் சொட்டாக வழிந்தால் சரி. ஸ்கேனர் போட்டு வெப்பநிலை பார்க்காமல், வடித்த அளவை அப்படியே ஊற்றி மூடும் இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். குறைந்தால் கிளட்ச் வழுக்கும், கூடினால் நுரைக்கும்.

ஓட்டிப் பார்க்க: முதல் நாளே சொல்லிவிடுங்கள், நீங்கள் வந்து நின்ற பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது ஓரிரு நொடி உள்ளே டைமிங் செயின் சலசலப்பு கேட்கிறதா, கவனியுங்கள். பிறகு பிரேக்கை மிதித்தபடி ஆர், டி என்று மாற்றுங்கள். ஒரு நொடிக்குள் பிடிக்க வேண்டும், 'டக்' என்று இடிக்கக் கூடாது. பிரேக்கை விட்டதும் வண்டி தானாக மெதுவாக நகர வேண்டும், நடுங்கக் கூடாது. சிக்னலுக்கு உருண்டு வந்து நிற்கும்போது 2-லிருந்து 1-க்கு இறங்கும் இடத்தில்தான் பெரும்பாலும் குட்டு வெளிப்படும்.

அடுத்து மேனுவல் நிலையில் 3-ஆம் கியர், 2,000 ஆர்பிஎம், முழு ஆக்ஸிலரேட்டர். ஆர்பிஎம் துள்ளி ஏறி வேகம் பின்னால் வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. நிறுத்தி வைத்து நியூட்ரலில் கடகடவென்று சத்தம், ஆஃப் செய்யும்போது ஒரு உதறல் இருந்தால் ட்யூயல் மாஸ் ஃப்ளைவீல் (எஞ்சின் அதிர்வை உறிஞ்சும் சக்கரம்) போய்க்கொண்டிருக்கிறது. 40 நிமிடம் நெரிசலில் ஓட்டிவிட்டு இதையெல்லாம் திரும்பச் செய்யுங்கள். மெக்கட்ரானிக் கோளாறு குளிரில் ஒளிந்திருக்கும், சூட்டில்தான் முகம் காட்டும்.

ஹேர்பின்_40:
கியர்பாக்ஸை மேலே அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் ட்யூன் பற்றிச் சொல்கிறேன்.

ட்யூன் செய்த வண்டி என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. யார் எழுதிய ஃபைல் (ட்யூன் சாஃப்ட்வேர்), எந்த கி.மீ-இல் போட்டது, கியர்பாக்ஸுக்கும் சேர்த்துப் போட்டார்களா, பிளக் எப்போது மாற்றினார்கள் என்று காகிதத்தோடு காட்டுகிறவரின் வண்டி, விற்பதற்காகப் பழைய பாகங்களைத் திரும்ப மாட்டி "கம்பெனி கண்டிஷன்" என்று சொல்லும் வண்டியைவிட நூறு மடங்கு மேல். பயப்பட வேண்டியது இரண்டாவது வகைக்குத்தான். ஸ்டேஜ் 1-லேயே (பாகம் எதுவும் மாற்றாத முதல் படி ட்யூன்) இந்த எஞ்சின் 400 என்எம்மைத் தாண்டும். 350-க்குக் கணக்கிட்டு அமைத்த கிளட்ச் அழுத்தத்தோடு அப்படி இரண்டு வருடம் ஓட்டிவிட்டு ஃபைலை மட்டும் அழித்தால், தேய்ந்தது தேய்ந்ததுதான்.

கண்டுபிடிக்க இசியூவின் (எஞ்சின் கணினி) ஃப்ளாஷ் எண்ணிக்கையை, அதாவது எத்தனை முறை சாஃப்ட்வேர் எழுதப்பட்டது என்பதை, ஸ்கேனரில் பாருங்கள். ஷோரூமில் சாஃப்ட்வேர் அப்டேட் செய்தாலும் அது ஏறும், அதனால் சர்வீஸ் பில்லோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை ஏறாமல் எழுதும் வழியும் உண்டு, எனவே அதை மட்டும் நம்பாமல் இரும்பைப் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் திருகுகள் வேறு வேறாக இருக்கிறதா? இன்டேக் ஹோஸில் கம்பெனி கிளாம்ப் போய் சாதாரணத் திருகு கிளாம்ப் வந்திருக்கிறதா? டர்போவோடு டவுன்பைப் (புகை வெளியேறும் குழாய்) சேரும் கிளாம்ப், போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம், சுற்றிலும் துருவுக்கு நடுவில் ஒரு இடம் மட்டும் பளபளப்பு? ஒரு பிளக்கைக் கழற்றி அதன் எண்ணைப் பாருங்கள். கம்பெனி சொன்னதைவிட ஒரு படி குளிர்ந்த (சூட்டை வேகமாகக் கடத்தும் வகை) பிளக் என்றால் ட்யூன் ஓடிய வண்டி.

கூடவே ஓடும்போது ஸ்கேனரில் ஒரு லாக் (பதிவு) எடுத்துவிடுங்கள். 3-ஆம் கியரில் 2,000-லிருந்து 6,000 வரை முழு மிதி. இசியூ கேட்ட பூஸ்ட்டும் (டர்போ அழுத்தம்) உண்மையில் வந்த பூஸ்ட்டும் ஒட்டிப் போக வேண்டும். இக்னிஷன் பின்வாங்கல் (தட்டல் வராமலிருக்க இசியூ தீப்பொறியைத் தாமதப்படுத்தும் அளவு) நான்கு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் 5, 6 டிகிரி தொடர்ந்து பின்வாங்கினால் இக்னிஷன் காயில், இன்ஜெக்டர், கார்பன் என்று தேட வேண்டும். பெட்ரோல் என்ன போட்டு ஓட்டினார்கள் என்றும் கேளுங்கள். 2018 காலத்து வண்டிகள் இ10 (10% எத்தனால் கலந்த பெட்ரோல்) வரைக்கும் செய்தவை, இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது இ20.

எஞ்சின் ஈஏ888 மூன்றாம் தலைமுறை. அடிப்படையில் உறுதியானது. அறிந்த பலவீனம் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு. சூட்டில் வளைந்து கசியும். இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள், இளஞ்சிவப்பாகக் காய்ந்த உப்புப் படிவு தெரிந்தால் கசிகிறது. வெறும் சீல் மாற்றிப் பயனில்லை, முழு யூனிட்டாக மாற்ற வேண்டும். அடுத்தது பிசிவி (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு): எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறங்கள். லேசான உறிஞ்சல் இருக்கலாம், கையால் இழுக்க முடியாத அளவுக்குப் பிடித்துக்கொண்டால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பின்பக்க கிராங்க் சீல் போகும், அதற்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

ஆர்சி_புத்தகம்:
வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் காகிதம் சரியில்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள்.

கர்நாடகா வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே பதிவெண் வாங்கியாக வேண்டும். அங்குள்ள ஆர்டிஓவில் விற்பவர் ஃபார்ம் 28-இல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். அதற்கு முன்னால் பரிவாஹன் அரசு இணையதளத்தில் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள்: நிலுவை இ-சலான், பிளாக்லிஸ்ட், வங்கிக் கடன். கடன் இருந்தால் வங்கியின் என்ஓசியும் கடன் நீக்கத்துக்கான ஃபார்ம் 35-ம் இல்லாமல் எதுவும் நகராது. உரிமை மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30, புதிய எண்ணுக்கு ஃபார்ம் 27.

பலர் தடுமாறும் இடம் வரி. நீங்கள் 19.5 லட்சம் கொடுத்தாலும் 15 கொடுத்தாலும் ஆயுள் வரி அதைப் பார்த்து வராது. வண்டி புதிதாக இருந்தபோதைய விலையும் இப்போதைய வயதும்தான் கணக்கு. 2017-இல் இது வந்தபோதே ஷோரூம் விலை 24.62 லட்சம். எனவே வரி பெரிய தொகையாக வரும். முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஆர்டிஓவில் இன்வாய்ஸ் நகலோடு போய்த் தொகையைக் கேட்டு, அதையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். கர்நாடகாவில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் இங்கே பதிவு முடிந்த பிறகுதான். அந்தத் தொகை யாருக்கு என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ்: மாற்றிய 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் மூன்றாம் நபர் பாதுகாப்பு தொடரும், உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. விற்பவரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அதை வைத்து பிரீமியம் கணக்குப் போடாதீர்கள்.

நொய்யல்_கரை:
மூவருக்கும் நன்றி. வண்டியைப் போய்ப் பார்த்தாயிற்று. குளிரில் ஸ்டார்ட் சுத்தம், செயின் சத்தமில்லை. கியர் சூட்டில் 2-லிருந்து 1-க்கு லேசாக இடிக்கிறது, மற்றபடி வழுக்கல் இல்லை, ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை. வாட்டர் பம்ப் பக்கம் சிவப்புப் படிவு இருக்கிறது. ஃப்ளாஷ் எண்ணிக்கை 4, பில்லில் ஒரு அப்டேட்தான் இருக்கிறது. பிளக் ஒரு படி குளிர்ந்தது. கேட்டதற்கு முதல் உரிமையாளர் போட்டிருக்கலாம் என்கிறார். பெயின்ட் மீட்டரில் எல்லாம் 110-140 மைக்ரான், இடது பின்கதவு மட்டும் 260.

ஸ்பேனர்_14:
கதவு 260 என்றால் மறுபெயின்ட், பட்டி இல்லை. பட்டி பூசியிருந்தால் 500-க்கு மேல் போகும். அதை விடுங்கள்.

ஹேர்பின் சொன்ன இரண்டாவது வகை வண்டி இது. ஆனால் வழுக்கல் இல்லாததால் இன்னும் கைவிட வேண்டியதில்லை. விற்பவர் செலவில் கியர் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி, கிளட்ச் அடாப்டேஷன் (ஸ்கேனர் மூலம் கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கியர்பாக்ஸுக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது) செய்யச் சொல்லுங்கள். வடித்த எண்ணெயை நீங்கள் நேரில் நின்று பாருங்கள். கருப்பாக இருந்தால் பரவாயில்லை. பளபளக்கும் உலோகத் துகள் தெரிந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். அதன் பிறகு 100 கி.மீ ஓட்டி அந்த இடி போனால் வாங்கலாம், போகாவிட்டால் மெக்கட்ரானிக் பக்கம் செலவு காத்திருக்கிறது என்று அர்த்தம்.

வாட்டர் பம்ப் யூனிட், நான்கு பிளக், மறுபதிவு வரி மூன்றையும் விலையில் கழியுங்கள். எண்ணெய் மாற்ற அவர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.