மறு: அணுகல்தன்மையா, எட்டுமையா?

வணக்கம். பார்வையோ கையோ எப்படி இருந்தாலும் ஒரு பக்கத்தையோ ஆப்பையோ பயன்படுத்த முடிவதை ஆங்கிலத்தில் 'ஆக்சஸிபிலிட்டி' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'எட்டுமை' என்று நான் சொன்னதற்கு வந்த கேள்வி இது:

> 'அணுகல்தன்மை' ஏற்கெனவே போன்களில் புழங்குகிறது. புழங்குவதை ஏன் கலைக்கணும்?

புழங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் 'அணுகல் மறுக்கப்பட்டது' என்று கணினி சொன்னால் அனுமதி இல்லை என்று அர்த்தம். 'இருப்பிடத்தை அணுக அனுமதிக்கவா?' என்று ஆப் கேட்டால் அதுவும் அனுமதி விவகாரம்தான். பார்வையில்லாதவரும் கை நடுங்குபவரும் ஒரு பக்கத்தைப் பயன்படுத்த முடிகிறதா என்பதற்கும் அதே சொல்லை வைத்தால், அமைப்புகள் பட்டியலில் அதைப் பார்க்கிறவர் ஏதோ பாஸ்வேர்டு சமாசாரம் என்று தாண்டிப் போய்விடுவார்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. 'அணுகு' என்றால் எழுவாய் பயனர். பக்கம் சும்மா கிடக்கிறது. 'பயனரால் அணுக முடியவில்லை' என்று பிழையறிக்கை எழுதினால் பழி அவர் தலையில் விழுகிறது. 'எட்டு' என்று வையுங்கள்: எட்ட வேண்டியது பக்கம், யாருக்கு என்று வினையே கேட்டு நிற்கும். கண்ணுக்கு எட்டவில்லை, கைக்கு எட்டவில்லை, புத்திக்கு எட்டவில்லை. இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான உலக அளவிலான டபிள்யூசிஏஜி (WCAG) நெறிமுறையின் நான்கு கொள்கைகளில் மூன்று இதிலேயே வந்துவிடுகின்றன: புலனுக்குத் தெரிவது, இயக்க முடிவது, புரிவது. நான்காவது, எந்த உலாவியிலும் எந்த உதவிக் கருவியிலும் தாக்குப்பிடிப்பது. அதை இதற்குள் திணிக்க வேண்டாம்.

சம்பா அறுவடை சமயம் எங்கள் சித்தப்பா கொள்முதல் நிலையத்தில் நெல் போட ஆப்பில் முன்பதிவு செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். எந்த ஆப் என்பது இங்கே வேண்டாம். உச்சி வெயில், களத்து மேடு. வெள்ளைத் திரையில் வெளிர்சாம்பல் எழுத்து. துண்டால் நிழல் கட்டிக்கொண்டு படிக்கிறார். புல எண் போட்டார், உட்பிரிவு எண்ணை விட்டுவிட்டார். பெட்டியின் ஓரம் மட்டும் சிவந்தது, ஒரு வார்த்தை இல்லை. அவர் கட்டைவிரலுக்கு 'சமர்ப்பி'யும் 'அழி'யும் ஒன்றாகவே அகப்பட்டன. எல்லாம் முடிந்து ஓடிபி வந்தபோது நேரம் கடந்துவிட்டது என்றது ஆப். "என்னடா இது, நெல்லு காய்ஞ்சாலும் இது காயாது போலிருக்கே" என்று போனை என்னிடம் நீட்டிவிட்டார்.

இவற்றுக்கெல்லாம் அந்த நெறிமுறையில் விதி இருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். நிறத்தை மட்டும் வைத்துத் தகவல் சொல்லக் கூடாது. 2023 அக்டோபரில் வந்த அதன் 2.2 பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24×24 பிக்சல் இருக்கச் சொல்கிறது (சில விலக்குகள் உண்டு). இவற்றை 'எழுத்து கண்ணுக்கு எட்டவில்லை, பட்டன் கைக்கு எட்டவில்லை, பிழை என்னவென்று புத்திக்கு எட்டவில்லை' என்று எழுதினால், எதைத் திருத்துவது என்று நிரல் எழுதும் பையனுக்கு உடனே விளங்கும்.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் பாருங்கள். வாடிக்கையாளர் யார் என்று உறுதி செய்யும் கேஒய்சி சரிபார்ப்பில் 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று கேட்பதால் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் தவித்த வழக்கு அது. டிஜிட்டல் சேவைகள் கிடைப்பது 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்றது நீதிமன்றம். அவர்களுக்கு யாரும் அனுமதி மறுக்கவில்லை. திரை எட்டவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே 'எட்டுமை'. இயலுமை, இயலாமை போல எட்டுமை, எட்டாமை. பெயரடையாக 'எட்டும் பக்கம்', 'எட்டாப் பட்டன்'. அனுமதி சார்ந்த இடங்களில் 'அணுகல்' அப்படியே இருக்கட்டும்.

— பாபநாசம்

* * *

அண்ணே, வாதம் சரி. ஆனா எங்க ஊர்ல 'எட்டப் போ', 'எட்ட நில்லு'ன்னா தூரப் போன்னு அர்த்தம். கிட்டத்துல வர்றதுக்கும் தூரப் போறதுக்கும் ஒரே சொல்லா? பத்தாததுக்கு எண் எட்டு வேற. முன்னாடி ஒருத்தர் 'எட்டுகை'ன்னு முன்மொழிஞ்சப்ப எனக்குக் காளி சிலைதான் ஞாபகம் வந்தது. 'எட்டுதன்மை'யும் வேண்டாம், யாராவது ஒருத்தர் கட்டாயம் நடுவுல 'த்' போட்டு எட்டுத் தன்மைகள் ஆக்கிடுவாங்க. 'மை' ஈறு மட்டும்தான் தேறுது.

— மன்னார்குடி

* * *

நான் திரைவாசிப்பானில், அதாவது திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்லும் மென்பொருளில், படிக்கிறவன். கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் ஈஸ்பீக் என்ற செயற்கைக் குரல் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். 'எட்டுமை' குழப்பமில்லாமல் விழுகிறது. எனக்கு ஆட்சேபம் இல்லை.

இதே இழையில் 'ஈர்க்கும் அனுபவம்' பற்றிக் கேட்டிருந்தார்கள். ஈர்ப்பு என்றதும் எல்லோரும் அசையும் படத்தைத்தான் கொண்டுவருகிறார்கள். தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து அசைவதை நிறுத்த வழி வேண்டும் என்பது விதி. ஆண்ட்ராய்டு போனின் திரைவாசிப்பானான டாக்பேக் வெறுமனே 'பட்டன்' என்று சொல்லி நிற்கும் ஆப்பில் என்னை எது ஈர்க்கும்? 'முன்பதிவு செய், பட்டன்' என்று சொன்னால் போதும், நான் விடாமல் பயன்படுத்துவேன்.

— கும்பகோணம்

* * *

> பயனர் சோதனைக்குக் 'கடைமடைச் சோதனை' என்று பெயர் வைக்கலாம். மேட்டூர் திறந்தாச்சு என்பது கணக்கில்லை, கடைமடைக்கு எட்டியதா என்பதுதான் கணக்கு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லணைக் கால்வாயின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்களைக் கடைசியில் கூப்பிட்டுச் சோதிப்பதற்கு அழகான பெயர் வேண்டாம். முதல் வரைவிலேயே கூப்பிடுங்கள். சாதாரணமாக 'பயனர் சோதனை' என்றே இருக்கட்டும்.

'எட்டுமை'க்கு என் வாக்கு உண்டு. மன்னார்குடிக்காரர் கேட்ட 'எட்ட நில்லு' சிக்கல் அப்படியே நிற்கிறது. அதற்கு இலக்கணம் தெரிந்தவர் யாராவது பதில் சொன்ன பிறகு பட்டியலில் ஏற்றலாம்.

— பேராவூரணி