மால் கடையில் மெரூன் சேலை பிரவுனா தெரியுது, அவசர உதவி

புதுக்கடை: மால்ல கடை எடுத்திருக்கோம், சேலையும் குர்தியும். வெள்ளிக்கிழமை திறப்பு. நேத்து ராத்திரி ரேக்குல அடுக்கிப் பார்த்தா மெரூன் எல்லாம் பிரவுன் மாதிரி இருக்கு, அரக்கு செத்துப்போய்க் கிடக்கு. வெளியே கொண்டுபோனா சரியா இருக்கு. லைட் எல்லாம் புதுசு. சீக்கிரம் சொல்லுங்க.

நூல்கண்டு: என்ன லைட், எத்தனை வாட், எத்தனை கெல்வின்? வெளியேன்னா எங்கே, மால் வராண்டாவா, வெயிலா?

ஈரோட்டுக்காரன்: லைட் மேல பழி போடாதீங்க, சாயத்தைப் பாருங்க. முந்தியை நனைச்சு வெள்ளைத் துணியில தேய்ங்க. எனக்கு இப்படி ஒரு லாட்டே வந்துச்சு.

நூல்கண்டு: அண்ணே, வெளியே சரியா இருக்குன்னு அவரே சொல்றாரே.

வயர்மேன்: 6500 போட்டிருப்பாங்க. 4000க்கு மாத்துங்க, முடிஞ்சது.

பழையகை: மாசத்துக்கு ஒருத்தர் இதையே கேக்கறீங்க, பழைய இழையைப் புரட்ட யாருக்கும் பொறுமை இல்லை. கெல்வின் வேற, சி.ஆர்.ஐ. வேற. கெல்வின் வெளிச்சம் மஞ்சளா வெள்ளையான்னு மட்டும் சொல்லும். வெள்ளை எல்.இ.டி.க்குள்ள இருக்கறது நீல சிப், மேல மஞ்சள் பாஸ்பர் பூச்சு. அடர் சிவப்பு அதுல கம்மி. சி.ஆர்.ஐ.ங்கறது அந்த வெளிச்சத்துல நிறம் எவ்வளவு உண்மையா தெரியுதுங்கற மதிப்பெண், எட்டு வெளிர் நிறங்களோட சராசரி. அடர் சிவப்புக்கான ஆர்9 அந்த எட்டுல சேராது. அதனால அட்டையில 80னு இருந்தாலும் ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கலாம். அரக்கும் மெரூனும் அடிவாங்கறது அங்கதான். இதுகூடத் தெரியாம ஜவுளிக்கடை வைக்கக் கிளம்பிடறாங்க.

நூல்கண்டு: விஷயம் சரி சார், கடைசி வரி வேண்டாமே.

புதுக்கடை: அட்டையில 30 வாட், 6000 கெல்வின், சி.ஆர்.ஐ. 80. மொத்தம் 42 டிராக் லைட். வெளியேன்னது மாடி பார்க்கிங், பகல்ல. போட்டோ போட்டிருக்கேன்.

வயர்மேன்: சொன்னேனா இல்லையா!

ரேக்மதுரை: போட்டோவுல எனக்கு வேற ஒண்ணு உறுத்துது. பின்சுவர் மேல்தட்டுப் பெட்டி, தீப்பிடிச்சா தண்ணி தெளிக்கிற ஸ்பிரிங்ளரை முட்டுது. அதுக்குக் கீழ 18 அங்குலம் காலியா விடணும். மால் ஃபயர் ஆள் பார்த்தா திறப்பே நிக்கும்.

ஈரோட்டுக்காரன்: சுவரோர ரேக்குக்கு அந்தக் கணக்கு கிடையாது.

ரேக்மதுரை: ஸ்பிரிங்ளருக்கு நேர் கீழ இல்லாட்டித்தான் கிடையாது. இது நேர் கீழ.

ஈரோட்டுக்காரன்: நீங்க எந்தப் போட்டோவைப் பாக்கறீங்க?

ரேக்மதுரை: ரெண்டாவது. கண்ணாடி போட்டுப் பாருங்க.

நூல்கண்டு: சண்டை அப்புறம். தம்பி, 42ஐயும் கழட்டாதீங்க. சி.ஆர்.ஐ. 90க்கு மேல, ஆர்9 50க்கு மேல, 4000 கெல்வின்ல ரெண்டே ரெண்டு வாங்குங்க. ஆர்9 அட்டையில இருக்காது, டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க. அரக்குச் சேலை மேல அடிச்சுப் பார்த்துட்டு, சேலை விரிக்கிற மேஜை, கண்ணாடி, டிரயல் ரூம் மட்டும் முதல்ல மாத்துங்க. தெருக்கடைன்னா அம்மாக்கள் சேலையை வாசலுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பார்த்துடுவாங்க. மால்ல வாசலும் லைட்டுதானே.

புதுக்கடை: ரெண்டு வாங்கிப் போட்டோம், அரக்கு அரக்காவே இருக்கு. 14 மாத்தறோம். மேல்தட்டுப் பெட்டியையும் இறக்கியாச்சு. நன்றி.

ஈரோட்டுக்காரன்: சாயத்தைத் தேய்ச்சுப் பார்த்தீங்களா?

ஈரோட்டுக்காரன்: தம்பி?