கொரோலா 121: கியர் பொக்ஸ் இறக்கத்தான் வேணுமா?

தலவாக்கலை_121:
என் வண்டி டொயோட்டா கொரோலா 121, 1என்இசட் என்ஜின், ஓட்டோ கியர். வீட்டு வாசல் சரிவு, வண்டி எப்பவும் இடப்பக்கம் சாய்ஞ்சுதான் நிக்கும். விடிஞ்சு பார்த்தா என்ஜினும் கியர் பொக்ஸும் சேர்ற இடத்துக்குக் கீழ உள்ளங்கை அளவு பழுப்பு ஒயில். ஏத்தம் ஏறி நிப்பாட்டினா கருகின வாசமும் வருது. கராஜ்ல கிராங்க் ஷாஃப்டோட பின்பக்க ஒயில் சீல் போயிருச்சு, கியர் பொக்ஸ் இறக்கணும்னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி வேற எதைப் பார்க்கலாம்?

ஹட்டன்_ஸ்பேனர்:
உடனே இறக்க விடாதீங்க அண்ணே. கருகின வாசம் வருதுன்னா முதல் சந்தேகம் டெப்பட் கவர் (என்ஜின் உச்சியில உள்ள மூடி) பெக்கிங்மேலதான், அதாவது அந்த மூடிக்கு அடியில உள்ள ரப்பர்மேல. இந்த என்ஜின்ல எக்ஸோஸ்ட் மேனிஃபோல்ட் (சூடான புகை வெளிய போற குழாய்) பின்பக்கம் இருக்கு, அதுக்கு மேல கவரோட விளிம்பு. பெக்கிங் விறைச்சுப் போனா ஒயில் பின்னால வழிஞ்சு, கொஞ்சம் மேனிஃபோல்ட்ல கருகும், மிச்சம் பிளாக்கை (என்ஜின் உடம்பை) ஒட்டி இறங்கும். வண்டி இடப்பக்கம் சாய்ஞ்சு நிக்கிறதால அப்படியே கியர் பொக்ஸ் பக்கம் ஓடி அங்க சொட்டும். நம்ம பக்கத்துச் சரிவுல சொட்டுற இடத்தை வச்சு ஒழுகுற இடத்தைச் சொல்ல முடியாது. ஈரம் பட்டதுல ஆக மேல எதுன்னு தேடணும்.

என்ஜின் ஆறினதும் ஓல்டனேட்டரைப் பொலித்தீனால மூடிட்டு, டீகிரீசர் போட்டுக் கழுவுங்க. நல்லாக் காயவிட்டு, கவர் விளிம்பு, பின்பக்க பிளாக், பெல் ஹவுசிங் (என்ஜினோட சேர்ற கியர் பொக்ஸ் கூடு) மூட்டு மூணுலயும் முகப் பவுடரை மெல்லிசாத் தூவுங்க. பெல்ட்ல படவேணாம். 20 நிமிஷம் ஓட்டிட்டு வந்து டோர்ச் அடிச்சுப் பாருங்க. வெள்ளைப் பவுடர்ல ஈரக்கோடு ஒண்ணு தெரியும். அது எங்க தொடங்குதோ அங்கதான் ஒழுக்கு. மேல எல்லாம் காய்ஞ்சிருந்து பெல் ஹவுசிங் அடி மட்டும் நனைஞ்சா, சீல்னு சொன்னதை ஒத்துக்கலாம்.

பெக்கிங் மாத்தினா, செயின் கவரும் ஹெட்டும் சேர்ற ரெண்டு மூட்டுலயும் ஒரு பொட்டு சிலிக்கன் வைக்கணும். நட்டுக்கு 10 நியூட்டன் மீற்றர் போதும், கூட இறுக்கினா ரப்பர் நசுங்கித் திரும்ப ஒழுகும். பிசிவி வால்வை (என்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை வெளிய விடுறது) கழற்றி ஆட்டிப் பாருங்க, கடகடன்னு சத்தம் வரணும். அடைச்சிருந்தா உள்ள அழுத்தம் ஏறி, புதுப் பெக்கிங்லயும் ஒயிலைத் தள்ளிரும்.

நானுஓயா_ஓட்டோ:
அது எந்த ஒயில்னு முதல்ல உறுதி பண்ணுங்க. பழசான கியர் ஒயிலும் பழுப்பாத்தான் இருக்கும். கீழ வெள்ளை அட்டை விரிச்சு வைங்க, ஓரத்துல சிவப்புச் சாயல் தெரிஞ்சா கியர் ஒயில். அப்படின்னா இடப்பக்க டிரைவ் ஷாஃப்ட் (கியர் பொக்ஸ்ல இருந்து சக்கரத்துக்குப் போற தண்டு) ஒயில் சீலைப் பாருங்க, அதை மாத்த கியர் பொக்ஸை இறக்கத் தேவையில்ல. என்ஜினோடதும் கியர் பொக்ஸோடதும்னு டிப்ஸ்டிக் (ஒயில் அளவு பார்க்கிற கம்பி) ரெண்டையும் சமதரையில மட்டும் பாருங்க, சரிவுல அளவு பொய் சொல்லும். என்ஜின் ஒயில்: நிப்பாட்டி 5 நிமிஷம் கழிச்சு. கியர் ஒயில்: சூடா, என்ஜின் ஓடிக்கிட்டே, லீவர் ‘பி’யில. ஊத்துறது டி-4 ஒயில்தான், வேற எதையும் கலக்காதீங்க.

கம்பளை_பிரேக்:
கூடவே நாலு டயரோட உள்பக்கத்தையும் தடவிப் பாருங்க. நிறம் குறைஞ்ச வழுக்கல் ஈரம் கையில பட்டு, பிரேக் ஒயில் டப்பாவும் இறங்கியிருந்தா சக்கரத்துல பிரேக்கை அழுத்துற வீல் சிலிண்டரோ காலிப்பரோ ஒழுகுது. அந்த வண்டியை இறம்பொடை வளைவுல ஓட்டிக்கிட்டு இறங்காதீங்க, லொறியில ஏத்திக் கொண்டுபோங்க. வெறும் தண்ணி சொட்டினா பயம் வேணாம்: பனிமூட்டத்துல முன்கண்ணாடிக்குக் காத்து விட்டாலே பல டொயோட்டாக்கள்ல ஏசி தானா ஓடும், அந்தத் தண்ணிதான் அது.