இரவில் நன்றாக இருந்த படம் காலையில் ஏன் இப்படி?

கேள்வி:
வேலையை விட்டு முழுநேரமாக எண்ணெய் ஓவியம் வரைய ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. இரவு தூரிகையை வைக்கும்போது படம் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் முகம் கோணல், நிழலெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. பாதி நாள் திருத்துவதிலேயே போகிறது. நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில்:
நிழல் வெளுப்பது உங்கள் கண் கோளாறு இல்லை. அம்பர் என்ற பழுப்பு மாதிரியான மண் நிறங்களில் இருக்கும் எண்ணெயை அடிப்பூச்சு உறிஞ்சிவிடும். பளபளப்பு போனதும் கருமை சாம்பல் பூத்தது போலத் தெரியும். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் அந்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுவேன். நிறம் திரும்பி வரும். இது தெரியாமல் மேலே மேலே கறுப்பைப் பூசி மூன்று படங்களைக் கெடுத்தவன் நான்.

கோணலுக்குக் கண்ணாடிதான் மருந்து. முதுகுக்குப் பின்னால் ஒன்றை மாட்டுங்கள். திரும்பி அதில் படத்தைப் பார்த்தால், இடவலம் மாறிய முகத்தில் ஒரு கண் இறங்கியிருப்பது சட்டென்று தெரியும்.

கேட்டவர்:
சரி, துடைத்த துணியைக் குப்பைக்கூடையில் போடலாமா?

பதில்:
ஐயோ, கசக்கிப் போடாதீர்கள்! ஆளி எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும். குவித்த துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள்.

இன்னொருவர்:
நான் இரவில் எதையும் முடிக்கவே மாட்டேன். காதுமடல், சட்டைப் பொத்தான் என்று தெரிந்த வேலை ஒன்றை மிச்சம் வைப்பேன். காலையில் அதில் கைவைத்தால் அப்புறம் தானாக ஓடும். இன்றைக்குப் பொத்தான். மதியமாகிவிட்டது, இன்னும் பொத்தான்தான்.