பாட்டு சர்வர் பூட் ஆகலை: குடும்பக் குழு உரையாடல்

மீனா: பாட்டு சர்வர் எழுந்திருக்கவே மாட்டேங்குது. ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கை அளவு குட்டி கம்ப்யூட்டர்), 4 ஜிபி ரேம். மேல டிஏசி போர்டு (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலா மாத்தறது), யூஎஸ்பில பாட்டு இருக்கற 1 டிபி ஹார்ட் டிஸ்க், உள்ள எம்பிடி (பாட்டு போடற சாஃப்ட்வேர்). ராத்திரி கரண்ட் போய் வந்ததுலேருந்து போன் ஆப்ல சர்வரே தெரியலை. எஸ்எஸ்ஹெச்சும் (லேப்டாப்லேருந்து நெட்வொர்க் வழியா உள்ள போற வழி) போகலை.

அருண்: ஓஎஸ் இருக்கற எஸ்டி கார்டு போயிருக்கும் மீனா. புதுசா எழுதிடு, சீக்கிரம் முடிஞ்சிடும்.

கதிர்: இப்ப எழுத வேண்டாம்ண்ணா. பிளேலிஸ்ட், எம்பிடி கான்ஃபிக், டிஏசி செட்டிங் எல்லாம் அந்தக் கார்டுலதான் இருக்கு. பூட் எந்த இடத்துல நிக்குதுன்னு தெரியறதுக்கு முன்னாடி எழுதிட்டா எல்லாமே போயிடும், ஆனா கோளாறு அப்படியே இருந்தாலும் இருக்கும்.

கதிர்: மீனாக்கா, கார்டை விண்டோஸ் லேப்டாப்ல போட்டா "ஃபார்மட் பண்ணட்டுமா"ன்னு கேக்கும். கண்டிப்பா கேன்சல். ரெண்டாவது பார்ட்டிஷன் இஎக்ஸ்டி4ங்கற லினக்ஸ் வகை, விண்டோஸுக்கு அது புரியாது, அதனாலதான் கேக்குது. கார்டு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லை.

மீனா: சரிடா. சிவப்பு லைட் எரியுது. பச்சை லைட் கொஞ்ச நேரம் தாறுமாறா மினுக்கிட்டு நின்னுடுது.

கதிர்: தாறுமாறாவா, இல்லை ஒரே கணக்குல திரும்பத் திரும்பவா? கணக்கா வந்தா அது எரர் கோட். 4 தடவை மினுக்கி, நிறுத்தி, மறுபடி 4ன்னா ஸ்டார்ட் ஃபைல் கிடைக்கலை. 7ன்னா கர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) கிடைக்கலை. 8ன்னா ரேம்லயே பிரச்சினை.

மீனா: கணக்கு எதுவும் இல்லை. இஷ்டத்துக்கு மினுக்குது.

கதிர்: அப்படின்னா கார்டைப் படிக்குது, கர்னலும் ஏறியிருக்கும். அதுக்கு அப்புறம்தான் எங்கயோ மாட்டுது. கார்டு மேல பழி போட இன்னும் காரணம் கிடைக்கலை.

முருகேசன் சித்தப்பா: மீனா, ஸ்கிரீன் மாட்டிப் பாரும்மா. பை 4ல ரெண்டு மைக்ரோ ஹெச்டிஎம்ஐ இருக்கு. டைப்-சி பவர் சாக்கெட்டுக்குப் பக்கத்துல இருக்கறதுல மாட்டு. கேபிளை முதல்ல மாட்டிட்டு அப்புறம் பவர் கொடு.

மீனா: மாட்டிட்டேன் சித்தப்பா. "எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்"னு ஒரு வரி, பக்கத்துல நொடி ஓடுது, 1 நிமிஷம் 30 நொடி வரைக்கும். முடிஞ்சதும் "யூ ஆர் இன் எமர்ஜென்ஸி மோட்". ரூட் அக்கவுன்ட் லாக் ஆகியிருக்கு, என்டர் தட்டுங்கறது. தட்டினா திரும்ப அதே செய்தி.

மீனா: 📷 படம்

கதிர்: கிடைச்சிடுச்சு. அந்த ஸ்டார்ட் ஜாப் வரியில ஒரு நீள நம்பர் இருக்கு பாரு, அது உன் பாட்டு டிஸ்க்கோட யூயூஐடி, அதாவது அடையாள நம்பர். பூட் ஆகும்போது எஃப்எஸ்டேப் ஃபைலைப் பாத்து ஒவ்வொரு டிஸ்க்கையும் மவுன்ட் பண்ணும், அதாவது ஒரு ஃபோல்டர்ல இணைச்சு திறக்கும். சும்மா "டிஃபால்ட்ஸ்"னு மட்டும் எழுதியிருந்தா, அந்த டிஸ்க் இல்லாம சிஸ்டம் ஓடவே கூடாதுன்னு எடுத்துக்கும். 90 நொடி காத்திருந்து பாக்கும், வரலைன்னா எமர்ஜென்ஸி மோடுக்குப் போயிடும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ல ரூட்டுக்கு பாஸ்வேர்ட் வைக்கறதில்லை, அதனாலதான் உள்ளயும் விடமாட்டேங்குது.

அருண்: அப்ப கார்டு நல்லாத்தான் இருக்கா?

கதிர்: இவ்வளவு தூரம் வந்திருக்குன்னா பெரும்பாலும் நல்லா இருக்கும்ண்ணா. கார்டு போயிருந்தா எம்எம்சி எரர் -110, இல்லைன்னா "அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்"னு கர்னல் பேனிக் வந்திருக்கும்.

முருகேசன் சித்தப்பா: இப்ப டிஸ்க் ஏன் வரலைன்னு பாக்கணும். அதைக் கையில தொட்டுப் பாரும்மா. சுத்துதா?

மீனா: சுத்த ஆரம்பிக்கற மாதிரி ஒரு அதிர்வு, அப்புறம் டிக். மறுபடி அதிர்வு, டிக்.

முருகேசன் சித்தப்பா: பவர் பத்தலை. சார்ஜர்ல பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு? வாட் கணக்கு வேண்டாம், 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர்னு மட்டும் சொல்லு.

மீனா: போன் சார்ஜர்தான் சித்தப்பா. 5 வோல்ட் 2 ஆம்பியர், 9 வோல்ட் 2.77 ஆம்பியர்.

முருகேசன் சித்தப்பா: அந்த 9 வோல்ட் நமக்கு உதவாது. போன் கேட்டு வாங்கிக்கும், பை 4 கேக்காது. ஆக கிடைக்கறது 2 ஆம்பியர்தான். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேணும். இந்த மாதிரி சின்ன ஹார்ட் டிஸ்க் சுத்தத் தொடங்கற அந்த நொடியில மட்டும் கிட்டத்தட்ட 1 ஆம்பியர் இழுக்கும். அதே நேரத்துல ப்ராசசரும் முழு வேகத்துல பூட் பண்ணிட்டிருக்கு.

மீனா: ஆனா இதே சார்ஜர்லதானே இத்தனை நாள் ஓடிச்சு?

முருகேசன் சித்தப்பா: சுத்த ஆரம்பிச்சிட்டா அப்புறம் பாதி கரண்ட் போதும். நிறுத்தாம ஓடற வரைக்கும் குறை வெளிய தெரியாது, நின்னு மறுபடி எழுந்திருக்கும்போதுதான் தெரியும். கேபிளையும் கணக்குல சேத்துக்கோ. போக வர 0.15 ஓம்னு வை, 2.5 ஆம்பியர் ஓடினா 0.375 வோல்ட் ஒயர்லயே போயிடும். 5ல கழிச்சா 4.625. பை 4.63க்குக் கீழ போனாலே லோ வோல்டேஜ்னு எடுத்துக்கும். பை அடாப்டர்ல 5.1னு வச்சிருக்கறதே இந்த இழப்பை ஈடு கட்டத்தான். அந்த அடாப்டர்ல கேபிளும் சேர்ந்தே வரும், அதை வாங்கிடு.

அருண்: பவர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒண்ணு சும்மா கிடக்கு. டிஸ்க்கை அதுல மாட்டினா?

முருகேசன் சித்தப்பா: நல்ல யோசனைதான் அருண், ஒரு சோதனை மட்டும் பண்ணிக்கணும். பையோட பவரை எடுத்துட்டு ஹப்பை மட்டும் மாட்டி ஆன் பண்ணு. பைல சிவப்பு லைட் எரிஞ்சா, ஹப் யூஎஸ்பி வழியா பின்பக்கமா கரண்ட் அனுப்புது. போர்டு அரைகுறையா விழிச்சுக்கிட்டு நிக்கும், பூட் ஆகாது. அந்த ஹப் வேண்டாம்.

அருண்: பாத்தேன் சித்தப்பா. எரியுது.

முருகேசன் சித்தப்பா: அப்ப அதை விட்டுடு.

(மாலை)

மீனா: 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் மாட்டிட்டேன். டிக் சத்தம் நின்னுடுச்சு, டிஸ்க் சீரா சுத்துது. ஆனா மறுபடியும் எமர்ஜென்ஸி மோட்தான். இந்தத் தடவை 90 நொடி காத்திருக்கலை, உடனே வந்துடுச்சு. "அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டன்சி, ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி"ன்னு இருக்கு.

கதிர்: இது வேற விஷயம்க்கா. டிஸ்க் இப்ப கிடைச்சிடுச்சு, அதுல இருக்கற ஃபைல் சிஸ்டம்தான் குழம்பியிருக்கு. எழுதிட்டிருக்கும்போது பவர் போனா இப்படி ஆகும். உன் லினக்ஸ் லேப்டாப்ல மாட்டு. மாட்டினதும் தானா மவுன்ட் ஆயிடும், அதை முதல்ல அன்மவுன்ட் பண்ணு. மவுன்ட் ஆன நிலையில எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சோதிச்சு சரி பண்ற கட்டளை) ஓட்டினா இருக்கறதும் கெடும்.

கதிர்: ஓட்டறதுக்கு முன்னாடி ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன்னோட நிலைமையைப் பத்தி வச்சிருக்கற கணக்கு) எடு. கட்டளையைப் படமா போட்டிருக்கேன், யூஎஸ்பி டிஸ்க்குக்கு அதுல "சாட்" ஆப்ஷன் சேக்கணும். 5, 197, 198 இந்த மூணு வரியோட கடைசி நம்பர் வேணும்.

கதிர்: 📷 படம்

மீனா: மூணுமே 0.

கதிர்: நிம்மதி. 197 ஏறியிருந்தா டிஸ்க்ல படிக்க முடியாத இடம் இருக்குன்னு அர்த்தம். அந்த டிஸ்க்ல எஃப்எஸ்சிகே ஓட்டக் கூடாது, முதல்ல பாட்டையெல்லாம் வேற டிஸ்க்குக்கு எடுத்துடணும். உனக்கு ஓட்டலாம்.

மீனா: ஓட்டிட்டேன். ஏழெட்டு இடத்துல சரி பண்ணட்டுமான்னு கேட்டது, ஒய் கொடுத்தேன். ரெண்டாவது தடவை ஓட்டினா க்ளீன்னு வருது.

கதிர்: அருமை. அதே லேப்டாப்ல இப்ப எஸ்டி கார்டைப் போட்டு எஃப்எஸ்டேப்பைத் திருத்திடலாம். ஒண்ணு மட்டும் பாத்துக்கோ: கார்டுல இருக்கற ஈடிசி ஃபோல்டருக்குள்ள போகணும். பழக்கத்துல லேப்டாப்போட எஃப்எஸ்டேப்பைத் திறந்துட்டா லேப்டாப் பூட் ஆகாமப் போயிடும். திறந்ததும் உன் பாட்டு டிஸ்க் வரி இருக்கான்னு பாத்துட்டு கை வை.

கதிர்: அந்த வரியில ஆறு பத்தி இருக்கும். நாலாவதுல "டிஃபால்ட்ஸ்" பக்கத்துல கமா போட்டு "நோஃபெயில்" (டிஸ்க் வரலைன்னாலும் பூட் ஆகட்டும்னு அர்த்தம்), இன்னொரு கமா போட்டு டிவைஸ் டைம்அவுட் 15 (15 நொடி மட்டும் காத்திரு). கமாவுக்கு அப்புறம் ஸ்பேஸ் விடாதே. ஸ்பேஸ் வந்தா அடுத்த பத்தின்னு எடுத்துக்கும், வரியே உடைஞ்சிடும். முழு வரியும் படத்துல இருக்கு.

கதிர்: 📷 படம்

அருண்: கதிர், லினக்ஸ் லேப்டாப் இல்லாதவங்க என்ன பண்றது?

கதிர்: விண்டோஸ்ல கார்டோட முதல் பார்ட்டிஷன் தெரியும்ண்ணா, அது ஃபேட். அதுல கர்னலுக்குக் கொடுக்கற கமாண்ட் லைன் ஃபைல் ஒண்ணு இருக்கு. உள்ள எல்லாம் ஒரே வரிதான், ரெண்டாவது வரி வரவே கூடாது. முதல்ல ஒரு காப்பி எடுத்து வச்சுக்கணும். வரிக் கடைசியில ஒரு ஸ்பேஸ் விட்டு, இனிட்டுக்குப் (வழக்கமா முதல்ல ஓடற ப்ரோக்ராம்) பதிலா ஷெல்லைத் (கட்டளை அடிக்கற திரை) திறக்கச் சொல்ற வார்த்தையைச் சேக்கணும். பைல கீபோர்டு மாட்டி பூட் பண்ணா பாஸ்வேர்ட் கேக்காம நேரா ஷெல் வரும். அங்க ரூட் பார்ட்டிஷன் படிக்க மட்டும்தான் திறந்திருக்கும். எழுதற மாதிரி ரீமவுன்ட் பண்ணி, நானோ எடிட்டர்ல எஃப்எஸ்டேப்பைத் திருத்தி, எழுதினது கார்டுல பதியறதுக்கு சிங்க் கொடுத்து, திரும்ப ரீட்-ஒன்லி ஆக்கிட்டு பவரை எடுக்கணும். அப்புறம் கார்டை விண்டோஸ்ல போட்டு, சேத்த வார்த்தையை எடுத்துடணும். எடுக்கலைன்னா ஒவ்வொரு தடவையும் ஷெல்தான் வரும்.

அருண்: வேலை செய்யும். சேவ் பண்ணி வச்சுக்கறேன்.

மீனா: பூட் ஆயிடுச்சு! போன் ஆப்ல சர்வர் தெரியுது, பாட்டும் வருது.

முருகேசன் சித்தப்பா: சந்தோஷம்மா. வோல்டேஜ் நிலவரமும் பாத்துடு. கதிர், அந்தக் கட்டளையைப் போடு.

கதிர்: 📷 படம்

கதிர்: த்ராட்டில்டுன்னு போட்டு ஒரு நம்பர் வரும். கடைசியில வெறும் 0ன்னா சுத்தம். 50000ன்னா பூட் ஆனதுக்கு அப்புறம் எப்பவோ வோல்டேஜ் இறங்கி வேகத்தைக் குறைச்சிருக்கு. 50005ன்னா இந்த நிமிஷமும் இறங்கித்தான் இருக்கு.

மீனா: 0.

கதிர்: இன்னும் ஒரே ஒரு வேலை, இதை விட்டுடாதே. நோஃபெயில் போட்டதால சிஸ்டம் இனிமே டிஸ்க்குக்காகக் காத்திருக்காது. டிஸ்க் வர லேட்டானா எம்பிடி முந்திக்கும். அது பாக்கறப்ப மவுன்ட் ஃபோல்டர் காலியா இருக்கும். அந்த நேரத்துல அப்டேட் ஓடினா எல்லாப் பாட்டையும் யாரோ அழிச்சிட்டாங்கன்னு நினைச்சு டேட்டாபேஸைக் காலி பண்ணிடும். ஃபைல் போகாது, ஆனா மொத்த டிஸ்க்கையும் மறுபடி ஸ்கேன் பண்ணணும். அதனால எம்பிடி சர்வீஸ்ல "ரிக்வயர்ஸ் மவுன்ட்ஸ் ஃபார்"னு ஒரு வரி, பக்கத்துல பாட்டு ஃபோல்டர் பாதை. மவுன்ட் ஆன பிறகுதான் எம்பிடி எழும், டிஸ்க் இல்லைன்னா எழவே எழாது.

மீனா: அப்ப டிஸ்க் வராத அன்னிக்கு எஸ்எஸ்ஹெச் மட்டும் வேலை செய்யும், பாட்டு வராது. அப்படித்தானே?

கதிர்: அதேதான். ஸ்கிரீன், கீபோர்டு எதுவும் மாட்டாம உள்ள போய் என்னன்னு பாத்துடலாம்.

மீனா: வரியைச் சேத்துட்டேன். டிஸ்க் இல்லாம ஒரு தடவை, மாட்டிட்டு ஒரு தடவை ரீபூட் பண்ணிப் பாத்தேன். ரெண்டும் நீ சொன்ன மாதிரியே.

அருண்: கார்டு காப்பி எடுத்து வச்சுடு மீனா.

கதிர்: ஆமாக்கா. முழு கார்டையும் ஒரு இமேஜா லேப்டாப்ல எடுத்து வை. பிளேலிஸ்ட் ஃபோல்டர், எம்பிடி கான்ஃபிக், எஃப்எஸ்டேப், கான்ஃபிக் டெக்ஸ்ட், இந்த நாலையும் தனியா ஒரு பென் டிரைவ்ல போட்டுக்கோ. டிஏசிக்கான ஓவர்லே வரி (எந்த போர்டு மாட்டியிருக்குன்னு பைக்குச் சொல்ற வரி) கான்ஃபிக் டெக்ஸ்ட்லதான் இருக்கு.

மீனா: இமேஜ் எடுக்க கார்டை வெளிய எடுக்கணுமே. பாட்டு ஓடிட்டிருக்கு, ராத்திரி எடுத்துக்கறேன்.

முருகேசன் சித்தப்பா: எடுக்கும்போது நேரா ப்ளக்கைப் பிடுங்காதே. ஷட்டவுன் கொடுத்து, பச்சை லைட் முழுசா அணைஞ்சு, டிஸ்க்கும் நின்ன பிறகு பவரை எடு.

மீனா: சரி சித்தப்பா.