சானி கணவாயில் குரல் போட்டுக் கூப்பிடலாமா?

சாட்ஸ்வர்த்காரன்:
செப்டம்பர் 24 பாரம்பரிய நாள் விடுமுறையை ஒட்டி நம்ம பறவைக் குழு டிராக்கன்ஸ்பர்க் மலையில் இருக்கும் சானி கணவாய்க்குப் போகிறது. பாறைகளில் வாழும் ராக்ஜம்பர் பறவையின் குரலை போனில் போட்டு அழைக்கக் கூடாது என்று பொறுப்பாளர் சொல்லிவிட்டார். எனக்கு இதில் உடன்பாடில்லை. டர்பனிலிருந்து இருட்டோடு கிளம்பி, ஜீப்புக்குக் காசு கட்டி, லெசோத்தோ எல்லைக்காக பாஸ்போர்ட்டும் எடுத்துக்கொண்டு போகிறோம். அம்மாவுக்கு 74 வயது, பாறை ஏற முடியாது. பத்து வினாடி குரல் கேட்டால் பறவை சாலையோரம் வந்து நிற்கும். அதில் என்ன கெட்டுவிடும்?

வெருலம் அக்கா:
தம்பி, கெடுவது நம் கண்ணில் படாது. செப்டம்பரில் அது கூடு கட்டும். நம்ம வீட்டு மைனா போல ஓட்டு இடுக்கில் அல்ல, தரையில், பாறைக்கும் புல் கற்றைக்கும் அடியில். தன் இடத்துக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டதென்று நினைத்துத்தான் ஓடி வருகிறது. அது வரவேற்பு இல்லை, சண்டைக்கு வருவது. வசந்தத்திலும் அங்கே பனி விழும். அந்தக் குளிரில் முட்டையையோ குஞ்சையோ விட்டு வரச் செய்வது எனக்கு மனசு ஒப்பவில்லை. அதே வளைவில் நமக்குப் பின்னால் வரும் ஜீப்பிலும் யாராவது குரல் போட்டால்?

சாட்ஸ்வர்த்காரன்:
அக்கா, நாள் முழுக்க வண்டிச் சத்தமும் புழுதியும் தாங்குகிற பறவை அது.

வெருலம் அக்கா:
புழுதி அதன் துணையைப் பறிக்க வராது தம்பி.

டொங்காட் கரும்புக்காடு:
என் அத்தைக்கும் முட்டிவலி. தென்னாப்பிரிக்கச் சோதனைச்சாவடி தாண்டி மேல் வளைவில் இன்ஜினை அணைத்துவிட்டு ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தோம். நாற்பது நிமிடம் ஆனது. செங்கல் நிற வயிற்றோடு ஆண் பறவை பாறைக்குப் பாறை தாவி வந்தது. பின்னாலேயே பெண், வாயில் புல்லோடு. குரல் போட்டிருந்தால் அந்தப் புல்லைப் பார்த்திருக்க மாட்டோம். கீழே புரோட்டியாச் செடிகளில் தேன் குடிக்கும் சுகர்பேர்ட் பறவை கிடைக்கும், அதற்கும் ஏற வேண்டாம். தாடிப்பாறு என்ற பெரிய கழுகு வானத்தில் வரலாம். ஆப்பிரிக்காவின் தென்கோடியில் அதற்கு இந்த மலைத்தொடரை விட்டால் வேறு வீடில்லை.

சாட்ஸ்வர்த்காரன்:
நாற்பது நிமிடம் நிற்க ஜீப்காரர் சம்மதிப்பாரா என்று கேட்கிறேன். சம்மதித்தால் போனைத் தொட மாட்டேன். ஆனால் குஞ்சு பறந்த பிறகு, ஒரே ஒரு முறை போடுவதில் தப்பில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

வெருலம் அக்கா:
அதை மார்ச்சில் பேசுவோம். உச்சி 2,800 மீட்டருக்கு மேல். அம்மாவுக்குக் கம்பளி எடுத்து வை. புரட்டாசிதானே, சைவச் சாப்பாடு நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.